செட்டிநாடு ஓடுதளம் திறந்தால் புகைத்துகள் எவ்வளவு? கணக்கு போடுவது எப்படி?

#1 · செம்புராங்கல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட நம்ம செட்டிநாடு ஓடுதளத்தை மறுபடி திறக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புவது எல்லோருக்கும் தெரியும். திறக்கலாமா கூடாதா என்று அடித்துக்கொள்ள வேறு இழை இருக்கிறது. அதை இங்கே இழுத்து வராதீர்கள். எனக்கு வேண்டியது கணக்கு.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். முதுகலை மாணவர்கள் இருவர் புராஜெக்ட்டுக்கு இதை எடுத்திருக்கிறார்கள்: விமானம் வந்தால் காற்றில் கூடப்போகும் நுண்துகள் எவ்வளவு என்று முன்கூட்டியே மதிப்பிட முடியுமா?

அவர்கள் போட்ட கணக்கு இது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் எல்டிஓ சுழற்சி (விமானம் இறங்கி மறுபடி எழும்பும் ஒரு சுற்று) 3000 அடிக்குக் கீழே நடப்பதை நான்காகப் பிரிக்கிறது. ஓடி எழும்ப 0.7 நிமிடம், முழு விசை. மேலே ஏற 2.2 நிமிடம், 85 சதவீதம். இறங்கி வர 4 நிமிடம், 30 சதவீதம். தரையில் ஊர 26 நிமிடம், 7 சதவீதம். ஒவ்வொரு கட்டத்திலும் எரியும் எரிபொருளை, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் துகள் என்ற விகிதத்தால் பெருக்கி, நாளுக்கு இத்தனை விமானம் என்று இன்னொரு தரம் பெருக்கினால் கிராமில் விடை வந்துவிடுகிறது. இரண்டே நாளில் முடித்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். இவ்வளவு சுலபமாக வந்ததாலேயே எனக்குச் சந்தேகம். இந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம்?

#2 · பறக்கும்வண்டி

நாளுக்கு இரண்டு ஏடிஆர், அந்தச் சின்ன புரொப்பெல்லர் விமானம், வந்தாலே நமக்குத் தீபாவளி. அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? அழகப்பர் தானே விமானம் ஓட்டக் கற்று, ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியும் நடத்தினார். அவர் ஊர்க்காரர்கள் நாம் இன்னும் சிங்கப்பூர் போக திருச்சிக்குக் கார் பிடிக்கிறோம். முதலில் வரட்டும் சார், அப்புறம் அளந்துகொள்ளலாம்.

#3 · எஞ்சின்தாத்தா

வாத்தியார் தம்பிக்கு வணக்கம். விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்று இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். புள்ளியியல் எனக்கு அவ்வளவாக வராது. எஞ்சின் பக்கத்தைச் சொல்கிறேன்.

அந்த 26 நிமிடம் பெரிய, நெரிசலான நிலையங்களை மனதில் வைத்து முடிவு செய்தது. 737-800இல் இருக்கும் சிஎஃப்எம்56-7பி26 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் வினாடிக்கு எழும்பும்போது ஏறக்குறைய 1.22 கிலோ, ஏறும்போது 1.0, இறங்கும்போது 0.34, தரையில் 0.113. கட்ட நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். ஓர் எஞ்சினுக்கு மொத்தம் சுமார் 440 கிலோ. அதில் 176 கிலோ தரையில் ஊர்வதற்கே போகிறது. நம்ம ஊர் மாதிரி ஒற்றை ஓடுதளம், நாலு விமானம் நிற்கும் களம் என்றால் வரும்போதும் போகும்போதும் சேர்த்து 8 நிமிடம் ஊர்ந்தால் அதிகம். 176 கிலோ 54 ஆகிவிடும். மாணவர்கள் இதை மாற்றினார்களா?

ஆனால் நம்ம ஊருக்கு 737 வராது, ஏடிஆர்தான் வரும். சிக்கலே அங்கேதான். ஐகாவோ தரவுத்தளத்தில் இருப்பவை 26.7 கிலோநியூட்டன் விசைக்கு மேற்பட்ட ஜெட் எஞ்சின்கள். ஏடிஆர் 72இன் பிடபிள்யூ127 புரொப்பெல்லரைச் சுற்றும் டர்போபிராப் எஞ்சின், அதற்கு அங்கே இடமே கிடையாது. டர்போபிராப்புக்கு ஸ்வீடன் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று. ஏடிஆரில் ஏபியூ, அதாவது நிற்கும்போது மின்சாரம் தரும் குட்டித் துணை எஞ்சின், கிடையாது. நின்றுகொண்டிருக்கும்போது கரண்டும் ஏசியும் வேண்டுமானால் வலது எஞ்சினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்துவார்கள். ஹோட்டல் மோடு என்று பெயர். தரை மின்சார வண்டி இல்லாத சின்ன நிலையத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரம் பூராவும் அந்த எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கும். எல்டிஓ சுழற்சியின் நாலு கட்டத்தில் எதிலும் இது இல்லை.

#4 · செம்புராங்கல்

ஐயா, 26 நிமிடத்தை அப்படியேதான் விட்டிருக்கிறார்கள். ஹோட்டல் மோடு நான் கேள்வியே படாதது. ஏடிஆருக்கு விகிதம் கிடைக்காததால் ஒரு சிறிய ஜெட் எஞ்சினின் புகை எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்ததாம்.

#5 · பள்ளத்தூர்ஆச்சி

அந்தப் பூஜ்யத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டும் தம்பி.

புகை எண் என்பது வெள்ளை வடிதாளில் புகையை உறிஞ்சவிட்டு, தாள் எவ்வளவு கறுத்தது என்று ஒளியை வைத்துப் பார்ப்பது. அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியும் புகையைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த முறை. அதன் அளவீட்டுப் பிழையே கூட்டியும் குறைத்தும் 3 வரை போகும். ஆகவே 2 என்று இருந்தாலும் 0 என்று இருந்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. புது எஞ்சின்கள் பலவும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே பெருக்கினால் அந்தக் கட்டத்தில் துகளே இல்லை என்று ஆகிவிடுகிறது. இவை அளவு எல்லைக்குக் கீழே மறைந்திருக்கும் தரவுகள். மறைவுத் தரவுக்கென்று இருக்கிற மதிப்பீட்டு முறையைப் போடச் சொல்லுங்கள். எல்லையில் பாதியை எடுத்து நிரப்புகிற பழக்கம் உண்டு. வசதிதான், ஆனால் சராசரியையும் கெடுக்கும், பரவலையும் கெடுக்கும்.

புகை எண்ணை எடையாக மாற்ற எஃப்ஓஏ3 என்ற சூத்திரத்தை வெகுநாள் வைத்திருந்தார்கள். ஐகாவோவின் 2020 கையேட்டில் எஃப்ஓஏ4 வந்துவிட்டது. மாணவர்கள் எதைப் போட்டார்கள் என்று பாருங்கள். அதே 2020 முதல், தயாரிப்பில் உள்ள பெரிய ஜெட் எஞ்சின்களுக்கு ஆவியாகாத துகளின் (பெரும்பாலும் கரி) எடையையும் எண்ணிக்கையையும் நேரடியாக அளந்து பதிய வேண்டும். அளந்த மதிப்பு இருக்கும்போது சூத்திரம் எதற்கு?

விசைக்கும் துகளுக்கும் நேர்கோடு போட்டுவிடாதீர்கள். பழைய ரக எஞ்சின்கள் பலவற்றில் தரையில் ஊரும்போது கொஞ்சம் இருக்கும், நடுவில் இறங்கும், முழு விசையில் மேலே ஏறும். மாணவர்கள் சராசரி ஒன்றை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு பரவலைக் கொடுத்து மாண்டி கார்லோ (அந்தப் பரவலிலிருந்து குலுக்கி எடுத்து ஆயிரக்கணக்கான தரம் கணக்கு போடுவது) ஓடவிட்டு, விடையையும் பரவலாகவே எழுதட்டும். துகள் விகிதத்துக்கு லாக்நார்மல் பரவல். அது பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாதது, வலப்பக்கம் நீண்ட வாலும் உள்ளது.

#6 · பறக்கும்வண்டி

ஆச்சி, நீங்கள் யார்? பயமாக இருக்கிறது.

#7 · பள்ளத்தூர்ஆச்சி

வேலையில் இருந்த காலம் பூராவும் கல்லூரியில் புள்ளியியல்தான் எடுத்தேன். இப்போது சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணுமாக ஒரு பெரிய வீட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் கரி என்றால் காது நீளுகிறது.

#8 · புதுவயல்மில்

சார், இப்படித்தான் ஆரம்பிப்பீர்கள், கடைசியில் எங்கள் தலையில் வந்து விழும். ஏற்கெனவே துணி காயப்போட்டால் கறுக்கிறது, கொடியில் சாம்பல் என்று எதற்கெடுத்தாலும் ரைஸ் மில்தான். உமி பாய்லர் ஓட்டுகிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை விட்டால் கரிமூட்டம் போடுபவன் எத்தனை பேர்? சீமைக்கருவேலத்தை வெட்டி மண் மூடிக் கொளுத்திவிட்டால் நாள்கணக்கில் புகையும். அதை யாரும் கேட்பதில்லை.

#9 · காற்றுவாக்கில்

மில்காரர் சொன்னது கோபத்தில் வந்ததாக இருந்தாலும், இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் அதுதான். காற்றுத்தரம்தான் என் தொழில், சொந்த ஊர் மாத்தூர். சில எண்கள் போட்டுப் பார்ப்போம்.

கிலோ எரிபொருளுக்கு 50 மில்லிகிராம் துகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 737 ஒன்று வந்து போக 880 கிலோ எரித்தால் 44 கிராம். ஒரு கைப்பிடி. இந்தப் பக்கம் ஒரு டன் உமி எரித்தால் சாம்பல் மட்டும் 200 கிலோவை ஒட்டி வரும். அதில் நூற்றில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே தப்பினாலும் 2 கிலோ. எல்லாச் சாம்பலும் நுண்துகள் இல்லைதான். ஆனாலும் எந்தப் பக்கம் எடை சாய்கிறது என்று தெரிகிறதல்லவா? பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளின் எடையை அளந்து அதில் விமானத்தைத் தேடினால் கல்யாணப் பந்தியில் ஒரு கடுகைத் தேடுகிற கதை.

ஆகவே தேட வேண்டியது எண்ணிக்கையில். ஜெட் எஞ்சின் துகள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்குக் கீழே. 25 நானோமீட்டர் துகள் பத்து லட்சம் சேர்ந்தால்தான் 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் கனஅளவு வரும். எடையில் ஒன்றுமில்லாதது, எண்ணிக்கையில் மலையாக நிற்கும். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குக் காற்று போகும் திசையில் 10 கிலோமீட்டர் தள்ளியும் துகள் எண்ணிக்கை நான்கு மடங்கு இருந்ததாக 2014இல் ஆய்வு வந்தது.

எஞ்சின் வாயில் அளக்கும் ஆவியாகாத துகளோடும் கதை முடியாது. வெளியே வந்து குளிரும்போது கந்தக அமிலமும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து புதிதாகத் துகளாகும். ஜெட் எரிபொருளில் கந்தகம் 3000 பிபிஎம் வரை இருக்கலாம். நம் பெட்ரோல் பங்க் டீசலில் 2020 முதல் 10 பிபிஎம்தான். ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்துக்குப் பக்கத்தில் பிடித்த மிக நுண்ணிய துகள்களில் ஜெட் எஞ்சின் மசகெண்ணெயே இருந்தது. இது எந்த எல்டிஓ கணக்கிலும் வராது.

வாத்தியார் சார், உங்களிடம் என்ன கருவி இருக்கிறது?

#10 · செம்புராங்கல்

மாணவர்கள் ஆன்லைனில் வாங்கிய குட்டி லேசர் சென்சார்கள் நாலு. பிஎம் 2.5 காட்டும். நம்பர் கவுண்ட்டும் காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

#11 · காற்றுவாக்கில்

அந்த கவுண்ட்டை மறந்துவிடுங்கள். அந்த வகை சென்சாருக்கு 300 நானோமீட்டருக்குக் கீழே கண் தெரியாது. விமானத் துகள் முழுக்க அதன் பார்வைக்கு வெளியே. போதாக்குறைக்கு மார்கழிப் பனியில் துகள் ஈரத்தில் ஊதிப்போய், இல்லாத மாசைக் காட்டும். உங்களுக்கு வேண்டியது ஒடுக்கத் துகள் எண்ணி. ஆல்கஹால் ஆவியைத் துகள் மேல் படியவைத்துப் பெரிதாக்கி எண்ணுவது. விலை லட்சங்களில். வாங்காதீர்கள், வைத்திருக்கும் ஆய்வகத்திடம் சில வாரங்களுக்கு இரவல் கேளுங்கள். செக்ரியில் (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) யாரையாவது தெரிந்தால் அங்கே விசாரித்துத் தொடங்கலாம்.

#12 · பறக்கும்வண்டி

அப்போது பிஎம் 2.5 சட்டப்படி பாஸ் ஆகிவிடும் என்கிறீர்கள். முடிந்ததல்லவா பிரச்சனை?

#13 · காற்றுவாக்கில்

சட்டப்படி ஆமாம். 2009 தேசியத் தரத்தில் பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், 24 மணி நேரத்துக்கு 60. துகள் எண்ணிக்கைக்கு நம்மிடம் தரமே கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் 2021இல் எல்லை என்று விதிக்கவில்லை. கன செண்டிமீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 1000க்குக் கீழே இருந்தால் குறைவு, 10,000க்கு மேலே போனால் அதிகம் என்று ஒரு வழிகாட்டுதல் மட்டும் கொடுத்தது. தரம் இல்லாததைப் பாஸ் என்றும் சொல்ல முடியாது, ஃபெயில் என்றும் சொல்ல முடியாது.

#14 · பறக்கும்வண்டி

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வந்த பிறகு அளந்துகொள்ளலாம்" என்று நான் சொன்னதில் என்ன தப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

#15 · பள்ளத்தூர்ஆச்சி

வந்த பிறகு அளந்தால் வராத நாளின் கணக்கு எங்கேயிருந்து கிடைக்கும்? மற்ற ஊர்க்காரர்கள் விமானத்தின் பங்கைப் பிரிக்கப் படாதபாடு படுகிறார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் லண்டன் ஹீத்ரூ ஆறு நாள் மூடிக் கிடந்தது. ரோட்டில் வண்டி ஓடியது, விமானம் மட்டும் இல்லை. அந்த ஆறு நாளை வைத்தே நைட்ரஜன் ஆக்சைடில் நிலையத்தின் பங்கைப் பிரித்து ஆய்வு எழுதினார்கள். நமக்கும் 2020இல் மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டு விமானம் நின்றது. ஆனால் பஸ், டீக்கடை அடுப்பு, மற்ற வண்டிகளும் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் சேர்ந்தே நின்றுபோயிற்று. எதனால் காற்று சுத்தமானது என்று அதை வைத்துப் பிரிக்கவே முடியாது. செட்டிநாடு ஓடுதளம் இன்றைக்குச் சும்மா கிடக்கிறது. உமி, கரிமூட்டம், செம்மண் தூசி, பஸ் எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது. விமானம் மட்டும்தான் இல்லை. மற்றவர்கள் எரிமலை வெடித்தால்தான் பெறக்கூடிய தரவு நமக்குத் தினமும் சும்மா கிடைக்கிறது. திறந்த அன்றே அது போய்விடும்.

அதனால் வாத்தியார் தம்பி, "எத்தனை கிராம் வரும்" என்ற புராஜெக்ட்டைப் பின்னால் தள்ளுங்கள். நாலு பருவமும் சேர்ந்த பின்னணிக்கு, அதாவது விமானம் இல்லாத காற்றுக்கு, ஒரு கணித மாதிரி (மாடல்) கட்டுங்கள். உள்ளீடு காற்றின் திசை, வேகம், நேரம், கலப்பு உயரம் (தரையிலிருந்து புகை கலந்து பரவும் காற்றடுக்கின் உயரம்), ஈரப்பதம். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் காற்றுத்தரத் தரவுக்கான ஓபன்ஏர் தொகுப்பு இலவசம். திசையும் வேகமும் சேர்ந்த துருவப் படம் போட்டாலே எந்தப் பக்கத்திலிருந்து எது வருகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

#16 · காற்றுவாக்கில்

ஆச்சி, ஒரு சந்தேகம். எண்ணிக்கையின் பரவல் ஒரே பக்கம் சாய்ந்தது. நாங்கள் வழக்கமாக லாக் எடுத்து ஜிஏஎம் (வளைகோடுகளைக் கூட்டிப் பொருத்தும் மாதிரி) போட்டுவிடுவோம். அப்படியே செய்யலாம்தானே?

#17 · பள்ளத்தூர்ஆச்சி

பின்னணிக்கு மட்டும் என்றால் செய்யலாம். விமானத்தைச் சேர்க்கும்போது யோசிக்க வேண்டும். துகள் கூட்டலாகத்தான் சேரும். லாக் எடுத்தால் மாதிரி பெருக்கலாகிவிடும். பின்னணி 5000 இருக்கும் நாளில் விமானம் ஒன்று 5000 சேர்த்தால் இருமடங்கு என்று கற்றுக்கொள்ளும். பிறகு பின்னணி 20,000 இருக்கும் நாளில், அதே விமானம் 20,000 சேர்த்தது என்று சொல்லும். மில்லில் உமி எரிகிறதா இல்லையா என்று பார்த்தா எஞ்சின் புகை விடுகிறது?

#18 · காற்றுவாக்கில்

சரி. ஆனால் விடிகாலையில் கலப்பு உயரம் படுத்துக் கிடக்கும்போது பின்னணியும் ஏறும், விமானத் துகளும் ஏறும். அந்த அளவுக்குப் பெருக்கல் நியாயம்தானே? லாக் எடுக்காமல் விட்டால் நாலு உச்சிப் புள்ளிகள் சேர்ந்து முழு மாதிரியையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

#19 · பள்ளத்தூர்ஆச்சி

நியாயம். அப்படியானால் மூலங்களை உள்ளே கூட்டுங்கள், நீர்த்துப்போவதை வெளியே பெருக்குங்கள். பிழைக்கு, ஒரு பக்கம் சாய்ந்த காமா பரவல். கையால் எழுத வேண்டிய மாதிரி, ரெடிமேடாகக் கிடைக்காது. மாணவர்கள் இரண்டு நாளில் முடிக்க மாட்டார்கள் என்பது கூடுதல் நன்மை.

இன்னொன்று, நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் நாளுக்கு 1440 வரிசை வரும். அது 1440 தனித்தனித் தகவல் இல்லை. ஒரு நிமிடத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒரே காற்றுதான். குலுக்கல் முறையில் வரிசைகளைப் பிரித்து மாதிரியைச் சோதித்தால், பக்கத்து நிமிடத்தைப் பார்த்து எழுதிவிட்டு, துல்லியம் தொண்ணூறு சதவீதம் என்று சந்தோஷமாக வந்து நிற்கும். முழு நாளை ஒரு கட்டாக எடுத்து ஒதுக்கிச் சோதியுங்கள். பூட்ஸ்ட்ராப்பும் (இருக்கிற தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து எல்லை காண்பது) நாள் கட்டாகவே. நம்பக எல்லை அகலமாகிவிடும், ஆனால் உண்மையான எல்லை அதுதான்.

#20 · செம்புராங்கல்

நிமிடத் தரவைப் பிரித்துச் சோதித்து துல்லியம் 0.93 என்று நேற்றுத்தான் ஒருவன் மெசேஜ் போட்டான். இந்தப் பதிவை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

விமானமே இல்லாத இடத்தில் விமானத்துக்கான பகுதியை எப்படிப் பழகுவது?

#21 · காற்றுவாக்கில்

திருச்சியில். புதுக்கோட்டை ரோட்டில் போகும்போது நிலையம் ரோட்டை ஒட்டியே வருகிறது. ஓடுதளம் கிழக்கு மேற்கு. வளாகத்துக்கு வெளியே, நிலத்துக்காரர் அனுமதியோடு ஒரு மாடியில் கருவியை வையுங்கள். விமானங்கள் தாமே அனுப்பும் ஏடிஎஸ்-பி ரேடியோ சிக்னலைப் பிடிக்கும் கருவி ஒன்று, யூஎஸ்பி குச்சியும் ஆன்டெனாவும், சில ஆயிரத்தில் முடியும். எந்த விமானம் எத்தனை மணிக்கு எழும்பியது, இறங்கியது என்று வினாடி சுத்தமாகப் பதியும். பதிவெண்ணிலிருந்து எஞ்சின் ரகம் தெரிந்துவிடும். ஒவ்வொரு ரகத்துக்கும் தனி விளைவு, ஆனால் ஒன்றிரண்டு தரம் மட்டும் வந்த ரகத்தை மொத்தச் சராசரி பக்கம் இழுக்கிற மாதிரி படிநிலை மாதிரி போடுங்கள்.

நேரத் தாமதத்தை விட்டுவிடாதீர்கள். ஓடுதளத்திலிருந்து 900 மீட்டர், காற்று வினாடிக்கு 3 மீட்டர் என்றால் புகை வந்து சேர 5 நிமிடம்.

திருச்சியில் ஒரு கண்ணி உண்டு. வெளிநாட்டு விமானங்கள் பல ராத்திரியில். ராத்திரி கலப்பு உயரமும் குறைவு. இரண்டும் சேர்ந்தே நடப்பதால் விமானத்தின் வேலையா இரவின் வேலையா என்று மாதிரி குழம்பும். பகல் விமானங்களையும், விமானம் வராத ராத்திரி மணிநேரங்களையும் வேண்டுமென்றே நிறையச் சேருங்கள். ரோட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நேரத்தைத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் புதுக்கோட்டை பஸ் எல்லாம் ஏர்பஸ் ஆகிவிடும்.

#22 · எஞ்சின்தாத்தா

இடையில் ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் பழைய ஓடுதளங்களை விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்குக் கொடுப்பதும் உண்டு. அப்படி ஆனால் உங்கள் ஜெட் கணக்கு எதுவும் செல்லாது. பிஸ்டன் எஞ்சின் குட்டி விமானங்கள், 100எல்எல் என்ற ஈயம் கலந்த விமானப் பெட்ரோல், லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம். ஒரே விமானம் நாள் பூராவும் வட்டம் அடித்துத் தொட்டுத் தொட்டு எழும்பும். அங்கே எண்ணவேண்டியது துகள் இல்லை, மண்ணிலும் தூசியிலும் ஈயம். முன்கூட்டியே கொஞ்சம் மண் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவே கிடையாது.

#23 · பறக்கும்வண்டி

தாத்தா, விமானம் தரையைத் தொடும்போது வெள்ளையாகக் கிளம்புமே, அதுவும் கணக்கில் உண்டா?

#24 · எஞ்சின்தாத்தா

அது டயர் ரப்பர் தம்பி. நின்றுகொண்டிருக்கும் சக்கரம் தொட்ட நொடியில் சுற்றத் தொடங்குவதால் தேய்ந்து புகைகிறது. துகள்தான், ஆனால் எஞ்சின் கணக்கில் வராது. தனியாகச் சேர்க்க வேண்டும். பிரேக்கும் அப்படியே.

#25 · செம்புராங்கல்

மண் எடுக்கும் வேலையை புராஜெக்ட் தலைப்பு மாற்றத்தோடு சேர்த்துவிட்டேன். திருச்சி மாடிக்கு ஆள் தேடுகிறோம். உள்ளூர்ப் பின்னணிக்கு ஓர் இடம் ஓடுதளத்தருகே கிடைத்துவிடும். இன்னோர் இடம், உமிப் புகையை அதன் மூலத்திலேயே அடையாளம் பிடிக்கிற மாதிரி, புதுவயல் பக்கம் வேண்டும். கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

#26 · புதுவயல்மில்

என்னைத்தானே கேட்கிறீர்கள்? என் பேரும் மில் பேரும் அறிக்கையில் வராது என்று எழுதிக் கொடுத்தால் மொட்டை மாடியைத் தருகிறேன். கரண்ட்டும் உண்டு. பாய்லர் எத்தனை மணிக்குப் பற்றவைத்தோம், எத்தனை மூட்டை உமி போட்டோம் என்று நோட்டில் எழுதி வைப்பது என் அப்பா காலத்துப் பழக்கம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பங்கு எவ்வளவோ அதை மட்டும் எங்கள் மேல் எழுதுங்கள், கரிமூட்டக்காரன் பங்கை அவன் மேல் எழுதுங்கள்.

#27 · பள்ளத்தூர்ஆச்சி

அந்த நோட்டு கருவியைவிட உசத்தி. ஒரு மூலம் எப்போது எரிந்தது, எவ்வளவு எரிந்தது என்று மணி போட்டு எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்? தம்பி, முதலில் அதைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

#28 · செம்புராங்கல்

எழுதித் தருகிறோம் அண்ணே, கல்லூரி லெட்டர்பேடிலேயே. சனிக்கிழமை பத்து மணிக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

#29 · புதுவயல்மில்

பத்து மணிக்கு வந்து என்ன பார்ப்பீர்கள்? நெல் அவிக்கப் பாய்லர் மூட்டுவது விடிகாலை நாலு மணிக்கு. நாலுக்கு முன்னால் வந்து கருவியை வைத்துவிடுங்கள், டீ நான் பார்த்துக்கொள்கிறேன்.